தண்ணீர் கேட்காத செடிகள்

வில்லாபின்
14 மார்ச் 1982

அன்புள்ள மெர்வ்,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் மனைவி ஜாய்ஸுக்கு இருமல் நின்றதா? இங்கே நானும் ஆர்னோவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள இந்த ஊரில் இப்போது யாருக்கும் தைரியம் இல்லை.

போன ஞாயிறு கோயிலில் அறுவடை நன்றித் திருநாள். பீடத்துக்கு முன்னால் வைக்க யாரிடமும் ஒரு பூசணிக்காய்கூட இல்லை. ஒருத்தி டப்பாவில் அடைத்த பீச் பழத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அதிலேயே இருந்தது. போதகர் அதையும் ஆசீர்வதித்தார்.

என் தோட்டம் முடிந்துவிட்டது. புல்தரை போய் மண் தெரிகிறது. ரோஜாக்களை நானே பிடுங்கினேன். தொட்டியில் கிடக்கும் மழைத்தண்ணீர் குடிப்பதற்கு மட்டும். ஆழ்குழாய்த் தண்ணீர் வரவர உப்பாகிக்கொண்டிருக்கிறது.

செடி விற்றே வீடு கட்டினவன் நீ. அதனால் கேட்கிறேன். சமையலறை ஜன்னலிலிருந்து வேலி வரைக்கும் நடுவதற்குத் தண்ணீர் கேட்காத செடிகள் வேண்டும். யாரும் ஊற்றாவிட்டாலும், யாரும் பார்க்காவிட்டாலும் தானாக இருக்கிற செடிகள். எல்லா மாதமும் ஏதாவது ஒன்றாவது பூத்திருக்க வேண்டும்.

ஆர்னோவிடம் சொன்னேன். "செத்த தோட்டத்துக்கு இன்னொரு சாவுச் செலவா? பேசாம சிமெண்ட் போட்டுப் பச்சை பெயிண்ட் அடிச்சிடு, கிழவி" என்கிறான்.

பதிலைக் கடிதமாகவே எழுது. தொலைபேசியில் பேசினால் இணைப்புக் கொடுக்கிற அம்மாளுக்கும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
தெல்மா


லிண்ட்னர் நாற்றுப்பண்ணை, அடிலெய்டு
22 மார்ச் 1982

அன்புள்ள தெல்,

முழங்கால் இருக்கிறது, நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். ஜாய்ஸுக்கு இருமல் நின்று பேச்சு திரும்பிவிட்டது. இருமலே தேவலாம் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர் கேட்காத செடி என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. 'தண்ணீர் வேண்டாத செடிகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய பலகை என் கடை வாசலிலேயே தொங்குகிறது. அது வாடிக்கையாளருக்கு. தங்கைக்கு உண்மையைச் சொல்கிறேன். எந்தச் செடியானாலும் முதல் இரண்டு கோடைக்கு ஆள் நின்று ஊற்ற வேண்டும். வேர் ஆழம் பிடித்த பிறகுதான் அது உன்னை மறக்கும்.

உன் மண்ணுக்கு நான் தேர்ந்தெடுத்தால் இவைதான்: உப்புப்புதர் ஐந்து. வெள்ளி இலை, உன் உப்புத் தண்ணீரையே சாராயம் மாதிரிக் குடிக்கும். எமு புதர் மூன்று. மீதிக்கு நம் காட்டுப் புதர்களான ஹேக்கியாவும் கிரெவில்லியாவும். கிரெவில்லியா ஆகஸ்ட் குளிரில் பூக்கும், தேன்சிட்டு வரும், ஜன்னலுக்கு நேராக வை. ஆர்னோ திட்டினால், பச்சை பெயிண்ட் கோடையில் உரிந்துவிடும் என்று சொல்.

ஒரு கேள்வி. 'யாரும் பார்க்காவிட்டாலும்' என்று எழுதியிருக்கிறாயே, நீ எங்கே போகப்போகிறாய்? எனக்குச் சொல்லாமல் இரண்டு பேரும் கடற்கரையில் வீடு வாங்கிவிட்டீர்களா?

உன் அண்ணன்,
மெர்வ்


வில்லாபின்
5 ஏப்ரல் 1982

அன்புள்ள மெர்வ்,

நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று தெரிந்து நிம்மதி.

கடற்கரை வீடெல்லாம் இல்லை. உன் பட்டியலை ஆர்னோவுக்கு வாசித்துக் காட்டினேன். "உப்புப்புதரா? ஆட்டுத் தீனியை வாசல்ல நட்டு அதுக்குக் காசும் வாங்கறானா உங்கண்ணன்? இவனை நிதி மந்திரியா ஆக்கணும்" என்றான். ஆனாலும் குழி தோண்டக் கடப்பாரையை எடுத்து வைத்திருக்கிறான். தோண்டுவான், அவ்வளவுதான். அதற்குமேல் தோட்டம் என் பாடு.

இரண்டு கோடை வேண்டாம், மெர்வ். ஒரு கோடையில் வேர் பிடிக்கிற மாதிரி பார்த்து அனுப்பு. வருகிற டிசம்பர் கோடைக்கு நான் ஊற்றிவிடுவேன். அதற்கு அடுத்த கோடையை நம்பி எதையும் அனுப்பாதே. இருப்பதிலேயே பெரிய செடியாக அனுப்பு.

இங்கே வேறு விசேஷம் இல்லை. என் உடைகளெல்லாம் தொளதொளத்துவிட்டன. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தேன். நேரம் போனது.

அன்புடன்,
தெல்மா


அடிலெய்டு
20 ஏப்ரல் 1982

அன்புள்ள தெல்,

வியாழக்கிழமை பேருந்தில் இருபத்திரண்டு கன்றுகள் வருகின்றன. நிறுத்தத்தில் வெயிலில் கிடக்க விடாதே.

பெரிய செடி கேட்டாய், அனுப்பவில்லை. பெரிய செடியில் எனக்கு லாபம், உனக்கு நட்டம். அதன் வேர் தொட்டிக்குள்ளேயே சுருண்டு பழகியிருக்கும், மண்ணில் வைத்தாலும் தொட்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு கிடக்கும். சாண் உயரக் கன்றுதான் பசியில் கீழே ஓடும்.

இதை அடிக்கோடு போட்டுச் சொல்கிறேன்: சூப்பர் பாஸ்பேட் உரம் போடாதே. ஒரு பிடிகூட வேண்டாம். ஹேக்கியாவும் கிரெவில்லியாவும் பரம்பரை பரம்பரையாகப் பட்டினி மண்ணில் கிடந்தவை. ஒன்றுமில்லாத இடத்தில் துளித்துளியாகத் தேடி எடுக்கத்தான் அந்த வேருக்குத் தெரியும். அதற்கு விருந்து வைத்தால் விருந்திலேயே செத்துப்போகும். கடையில் இதை அச்சடித்த தாள் எல்லோருக்கும் கொடுப்பேன். தங்கைக்குத் தாள் எதற்கு என்று கையால் எழுதுகிறேன்.

இனி செடிப் பேச்சு போதும். எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. உடை தானாகத் தொளதொளக்காது. டாக்டரிடம் போனாயா? என்ன சொன்னார்? ஒரே ஒரு வரி எழுது.

மெர்வ்


வில்லாபின்
30 மே 1982

அன்புள்ள மெர்வ்,

ஜாய்ஸுக்கு என் அன்பைச் சொல். அவள் அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்தது.

ஒரு வரி கேட்டிருந்தாய். ஆறு வாரமாக அந்த ஒரு வரியைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் செடிகள். இருபத்திரண்டும் நட்டாகிவிட்டது. ஒவ்வொன்றையும் சுற்றி உடைந்த ஓடுகளை வைத்து முயலுக்குத் தடை போட்டிருக்கிறேன். எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

வயிற்றில் கட்டி என்கிறார் டாக்டர். கல்லீரல் வரை போயிருக்கிறதாம். ஒரு வருடம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூடவும் ஆகலாம்" என்று சேர்த்துக்கொண்டார். ஆர்னோவுக்குக் குடல் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். விதைப்பு நேரம், மழை வேறு இல்லை. அவன் தலையில் இன்னொன்றை ஏற்ற மனம் வரவில்லை.

ஏன் இந்தத் தோட்டம் என்று இப்போது புரிந்திருக்கும். ஆர்னோ இந்த வீட்டை விட்டு வரமாட்டான். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. காலையில் அவன் அந்த ஜன்னலில் நின்றுதான் தேநீர் குடிப்பான். அங்கே வெறும் மண் தெரியக்கூடாது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் பூவாளியைத் தொட்டதில்லை. அவனை நம்பி ஒரு சாமந்தியைக்கூட விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால்தான் யாரும் பார்க்க வேண்டாத செடிகள் கேட்டேன்.

நீ தைரியமாக எழுதலாம். எனக்குக் கடிதம் வந்தால் ரொட்டி டப்பாவின் மேல் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவான், பிரிக்கமாட்டான். அவன் கடிதத்தை நானும் பிரித்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டு வழக்கம் அது.

தெல்மா


அடிலெய்டு
4 ஜூன் 1982

அன்புள்ள தெல்,

ஜாய்ஸ் அழுதாள். நான் கடைக்குப் போய் மூன்று வாடிக்கையாளரிடம் சண்டை போட்டேன்.

இங்கே பெரிய மருத்துவமனை இருக்கிறது, என் வீட்டில் அறை இருக்கிறது. கிளம்பி வா. ஆர்னோவிடம் சொல். எவனுக்காகத் தோட்டம் போடுகிறாயோ அவனுக்கே அதை மறைப்பது நல்ல வியாபாரம் இல்லை.

அறையை ஜாய்ஸ் இப்போதே ஒழித்து வைத்துவிட்டாள்.

மெர்வ்


வில்லாபின்
11 ஆகஸ்ட் 1982

அன்புள்ள மெர்வ்,

நீங்கள் நலம்தானே? பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். எழுந்து உட்கார்ந்தால் படுக்கத் தோன்றுகிறது.

ஆர்னோவிடம் சொல்லிவிட்டேன். தீனி இல்லாமல் கடைசி ஆடுகளையும் லாரியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். இனி நல்ல நேரம் ஒன்று வருமென்று தோன்றவில்லை. சொன்னேன்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"மார்ச் மாசத்துலேர்ந்து."

"நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"உழுதுக்கிட்டிருந்த. வராத மழைக்கு."

எழுந்து வெளியே போனான். நெடுநேரமாகியும் வரவில்லை. பார்த்தால், டிராக்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறான். சக்கரம், அடிப்பாகம் எல்லாம். தண்ணீர் இல்லாத ஊரில் டிராக்டரைக் கழுவினான், மெர்வ்.

அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வருகிறேன். முதல் கிரெவில்லியா பூத்துவிட்டது. வாரம் ஒருமுறை செடிக்கொரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும் என்று ஆர்னோவிடம் சொல்லியிருக்கிறேன். மறந்துதான் போவான்.

தெல்மா


வில்லாபின்
26 செப்டம்பர் 1982

மெர்வ்,

நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வங்கிக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

தெல்மாவின் செடிகளுக்கு ஏதோ நோய் வந்திருக்கிறது. அவளிடம் சொல்லாதே. ஒரு கிளையை ஒடித்து இதனுடன் வைத்திருக்கிறேன். பார்த்து மருந்து சொல்.

அவள் போன மறுநாள்தான் அந்தச் செடிகளை முதல்முறை பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நோஞ்சானாக நின்றன. அவள் திரும்பி வரும்போது எல்லாம் பூத்துக் கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். விதைக்காமல் விட்ட நிலத்துக்கு வாங்கிய சூப்பர் உரம் பதினோரு மூட்டை கொட்டகையில் கிடக்கிறது. செடிக்கு இரண்டு பிடி போட்டுத் தண்ணீரும் ஊற்றினேன். குடிக்கிற தொட்டித் தண்ணீர்தான், உப்பு இல்லை. மூன்று வாரத்தில் இலை நுனி கறுத்தது. பசிக்கிறது போல என்று இன்னும் இரண்டு பிடி போட்டேன். இப்போது பதினான்கு செடி குச்சியாக நிற்கின்றன. உப்புப்புதரும் எமு புதரும் மட்டும் அசையாமல் இருக்கின்றன.

இது எந்தப் பூச்சி?

ஆர்னோ


அடிலெய்டு
30 செப்டம்பர் 1982

ஆர்னோ,

நீ தினமும் சாப்பிடுகிறாயா? தெல் கேட்கச் சொன்னாள். சொன்னது ஏழு முறை.

பூச்சி இல்லை. சூப்பர்தான். கோதுமைக்கு அது சோறு, இந்தச் செடிகளுக்கு விஷம். மறைத்துப் பயனில்லை, அதனால் நேராகச் சொல்கிறேன். ஆனால் முழுப் பழியையும் நீ தூக்கிக்கொள்ளாதே. அடிக்கோடு போட்டுத் தெல்லுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை ரொட்டி டப்பாவின் மேல் வைத்தது நீதான். பிரிக்காமல் வைத்தாய், அது மரியாதை. கடைத் தாள் ஒன்றைக் கன்றோடு கட்டி அனுப்பியிருந்தால் உன் கண்ணில் பட்டிருக்கும். முன்பின் தெரியாதவனுக்குக்கூடக் கொடுக்கிற தாளை உங்களுக்கு நான் கொடுக்கவில்லை.

இனி ஆக வேண்டியது. அதே அளவில் அதே ரகம் பதினான்கு எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை நானே வண்டியில் கொண்டுவருகிறேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு முழம் மண்ணை மாற்றிவிட்டு நடுவோம். இந்தத் தொழிலில் செத்த செடிக்குப் பதில் வேறு வைத்து எத்தனையோ வீட்டுக்காரிகளைச் சமாளித்திருக்கிறேன். அவளுக்குத் தெரியவே தெரியாது.

மெர்வ்


அடிலெய்டு
11 அக்டோபர் 1982

ஆர்னோ,

நலமா? சனிக்கிழமை நான் வராததற்குக் காரணம் எழுதுகிறேன். கன்றுகளை வண்டியில் ஏற்றிவிட்டு, போகும் வழியில் மருத்துவமனையில் தெல்லைப் பார்க்கப் போனேன்.

"ஏத்தினதை இறக்கிடு, மெர்வ்" என்றாள்.

"எதை?"

"நடிக்காத. உனக்குக் கல்லாவுக்குப் பின்னாடி நின்னாத்தான் நடிப்பு வரும்."

கையில் உன் கடிதம். நீயே அவளுக்கு எழுதிவிடுவாய் என்று நான் நினைக்கவில்லை, ஆர்னோ. இரண்டு பக்கமாம். ஒன்றரைப் பக்கம் எந்த நாள் எந்தச் செடிக்கு எத்தனை பிடி என்று எழுதியிருக்கிறாயாம். என்னிடம் கொடுக்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"வாடுதேன்னு இன்னும் ரெண்டு பிடி போட்டானாம்!" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் நர்ஸ் ஓடி வந்தாள். அவளிடம், "என் புருஷன் என் செடிகளைச் சாப்பாடு போட்டே கொன்னுட்டான்" என்றாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு அழுதாள். அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

"அவன் தொடமாட்டான், தொடமாட்டான்னே நினைச்சு அந்தத் தோட்டத்தைப் போட்டேன். நான் இல்லாத வீட்டுல அவனுக்குன்னு ஒரு வேலைகூட மிச்சம் வைக்கலை. ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருந்தா செஞ்சிருப்பான். நான்தான் சொல்லலை."

"புதுசா நட்டுடலாம், தெல்."

"வேணாம். குழி அப்படியே இருக்கட்டும். என்னை அவன்கிட்ட கூட்டிட்டுப் போ."

டாக்டரிடம் பேசினேன். இனி மருந்துக்கு வேலை இல்லை, வலிக்கு மட்டும்தான் என்கிறார். வருகிற சனிக்கிழமை அவளைக் கூட்டிவருகிறேன். கட்டிலைச் சமையலறையில், ஜன்னல் பக்கம் போடு. மேசையை வெளியே தள்ளிவிடு.

மெர்வ்


வில்லாபின்
27 மார்ச் 1983

மெர்வ்,

நீயும் ஜாய்ஸும் சுகம்தானே? அடக்கத்தன்று உன்னிடம் நான் சரியாகப் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. கோபம் ஒன்றும் இல்லை.

இங்கே மழை வந்துவிட்டது. இந்த மாதம் நான்கு முறை பெய்தது. தொட்டி நிரம்பி வழிகிறது. கூரையில் சத்தம் கேட்டதும் அவளை எழுப்பப் போனேன். அவள் போய் ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

அந்த மூன்று மாதமும் ஜன்னல் பக்கம் படுத்துக்கொண்டு என்னைத் தோட்டத்தில் வேலை வாங்கினாள். "அடியில ஊத்து, தலையில ஊத்தாத." "போதும், வேர் சோம்பேறியாயிடும்." "யோவ், அது களை இல்லை, அது செடி!" உள்ளேயிருந்து கத்திக்கொண்டே இருப்பாள். குரல் போன பிறகு கண்ணாடியில் மோதிரத்தால் தட்டினாள். ஒரு தட்டு என்றால் போதும், இரண்டு என்றால் இன்னும் ஊற்று.

மிச்சமிருந்த எட்டுச் செடியும் நன்றாக இருக்கின்றன. இடுப்பு உயரம் வந்துவிட்டது. அதுதான் கஷ்டமாக இருக்கிறது, மெர்வ். காலையில் பூவாளியோடு போய் நிற்கிறேன். அவற்றுக்கு எதுவும் வேண்டியிருப்பதில்லை. ஊற்றினால் கெடுதல் என்று அவளே சொல்லியிருக்கிறாள். சும்மா நின்றுவிட்டு உள்ளே வருகிறேன். பிறகு சாயங்காலம் வரை என்ன செய்வதென்று தெரியவில்லை. விதைப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

உன்னிடம் தண்ணீர் கேட்கிற செடி ஏதாவது இருக்கிறதா? ஒரு நாள் விட்டால் வாடிவிடுகிற மாதிரி. பார்த்தால் தெரிய வேண்டும், நான் ஊற்றவில்லை என்று. அப்படி ஒன்று அனுப்பு. என்ன விலை ஆனாலும் சரி.

ஆர்னோ


அடிலெய்டு
5 ஏப்ரல் 1983

அன்புள்ள ஆர்னோ,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம். ஜாய்ஸ் அதை இரண்டு முறை வாசித்தாள்.

இந்தத் தொழிலுக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. கடந்த இரண்டு வருடமாகக் கடைக்கு வந்த ஒவ்வொருவனும் தண்ணீர் கேட்காத செடிதான் கேட்டான். கேட்கிற செடி வேண்டும் என்று வந்தவன் நீ ஒருவன்தான். என்னிடம் சரக்கு இல்லை. மலைப்பக்கம் இன்னொரு பண்ணைக்குப் போய், என் எதிரியிடம், பேரம் பேசாமல் வாங்கி வந்தேன். அவன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

பெயர் ஹைட்ராஞ்சியா. உருண்டை உருண்டையாக நீலத்தில் பூக்கும். உன் ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. வெயில் ஆகாது, அனல் காற்று ஆகாது, உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. தொட்டித் தண்ணீர் மட்டும் ஊற்று. காலையில் ஒரு முறை, கோடை வந்தால் சாயங்காலமும் ஒரு முறை. மதியம் கழுத்தொடிந்த கோழி மாதிரித் தொங்கும், பயப்படாதே. ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஊற்றாவிட்டால் நிமிராது. வீட்டுக்குத் தெற்கே, நிழல் விழுகிற சுவரோரம் ஒரு பெரிய வாளியில் வை. கொட்டகையில் மிச்சம் இருக்கிற சூப்பரில் ஒரு பிடி போடலாம். இது சாப்பிடும். தாள் ஒன்று தண்டிலேயே கட்டியிருக்கிறது, வாசித்துக்கொள்.

வியாழக்கிழமை பேருந்தில் வருகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு நிறுத்தத்தில் நில். ஆறு மணி நேரமாகத் தண்ணீர் இல்லாமல் வரும், வந்ததும் குடிக்கக் கேட்கும்.

வாரம் ஒரு கடிதம் போடு. 'நிமிர்ந்துவிட்டது' என்று ஒரு வார்த்தை எழுதினாலும் போதும்.

அன்புடன்,
மெர்வ்